நாலு பல்லாவது இருக்கட்டும்

கிராம்பு எண்ணெய் வாடை அடித்ததுமே நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். போன வாரம், சுங்கை பட்டாணியில், பல் கிளினிக்கில். பொக்கை வாயோடு எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்று நம் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பல் வைக்க வேண்டுமாம்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் பெண் தலையை ஆட்டினாள். "தாடையில எலும்பே இல்ல அங்கிள். ஸ்குரூ புடிக்காது. மொதல்ல வேற எலும்பு வச்சுத் தைக்கணும். ஒட்டறதுக்கு ஆறேழு மாசம் ஆகும்லா."

"என் எலும்பு எங்க போச்சு?"

"பல்லப் புடுங்கிட்டா அதுக்கு வேலை இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். பல்செட் கூட அப்புறம் நிக்காது."

நான் என் வாயை நினைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் உன் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தபோது, அரசாங்க ஆஸ்பத்திரியில் நாலைந்து தடவை வரச் சொன்னார்கள். போகிற ஒவ்வொரு நாளும் தோட்டத்துக் காலைப் பெரட்டில் உன் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும். "ஒரேடியா புடுங்கிட்டுப் புதுசு கட்டிக்க, தொல்லை விட்டுச்சு" என்று உன்னைக் கோலா கெத்தில் டவுன் கடைத்தெருவில் பல் கட்டுபவரிடம் கூட்டிப்போனவன் நான். அவர் ஊசியை எடுத்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். "ஆடாத நாலு பல்லாவது இருக்கட்டுமேங்க." நான் கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன், மடையன்.

இரண்டு வருஷம் செட் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தளர்ந்தது. அடியில் துணிக்கிழிசலை மடித்து வைத்துக்கொண்டு தோட்டத்து மாதா கோயிலில் பாட்டெடுத்தாய். ஈஸ்டர் பூசையில் அல்லேலூயாவுக்கு வாய் திறந்தபோது மேல்செட் கழன்று பாட்டுப் புத்தகத்தின்மேல் விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, "நீங்களுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய்.

"ஒனக்கு ஒழுங்கா மாட்டத் தெரியல" என்றேன். அதற்குப் பிறகு நீ பாடவே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் உன்னைப் பெட்டியில் கிடத்தினோம். பல் இல்லாமல் யார் கண்ணிலும் படக் கூடாது என்பாயே, நானே மாட்டிவிடப் பார்த்தேன். நிற்கவில்லை. மறுபடி மறுபடி வைத்தேன், நழுவிக்கொண்டே இருந்தது. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆறு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் மகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

உனக்கு மாட்டத் தெரியாமல் இல்லை, புள்ள. பிடித்துக்கொள்ள இடமில்லாமல் செய்தவன் நான்.