கேட்காமலே போட்ட ‘இல்லை’

மார்ச் 4, திங்கள்

ஆஸ்பத்திரியின் குடும்பநலப் பிரிவில் இன்று நல்ல கூட்டம். சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணியிடமிருந்து ஃபோன். தான் ஓட்டும் பள்ளி வேனை நிறுத்திவிட்டு அதற்குள்ளிருந்தே பேசினார்.

“தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேன், தாகம் அடங்கல. நீ கையில வெச்ச குச்சியால இருக்குமா?”

“அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது அண்ணி. வெயில்தான்.”

அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன். ஏன் அத்தனை அவசரம்?

மார்ச் 5

அண்ணியின் படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஏழு மாதத்துக்கு முன்னால், கருத்தடைக் குச்சியை அவர் மேல்கையில் வைத்த அன்று நான் நிரப்பியது. ‘கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா?’ — ‘இல்லை.’ என் டிக்.

இருந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அண்ணிக்கு இன்சுலின் போட்டதே நான்தான். ‘ஆம்’ என்று போட்டால் டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்பார், அண்ணி இன்னொரு நாள் வேலையை விட்டு வர வேண்டும். நம்ம வீட்டு ஆள்தானே என்று... சே. முன்பின் தெரியாத ஒருத்தி வந்திருந்தால் ஒழுங்காகக் கேட்டிருப்பேன்.

படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 6

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, வெள்ளி

வேனில் பதினான்கு பிள்ளைகள். அண்ணிக்குச் சிக்னல் விளக்கு மங்கலாகி ரெண்டு ரெண்டாகத் தெரிந்ததாம். ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளை இன்னொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 312. இனி டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

அண்ணன் என் தோளைத் தட்டி, “நல்லவேளை, வீட்லயே ஒரு நர்ஸ் இருக்கே” என்றான். தண்ணீர் பிடிக்கப் போவதுபோல வெளியே வந்துவிட்டேன். என்னால் அங்கே நிற்க முடியலடா அண்ணா, முடியல.

மார்ச் 11

படிவத்தை டாக்டர் மேஜையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“குச்சியில இருக்கற ஹார்மோன் சிலருக்கு இன்சுலினோட வேலையைக் கொஞ்சம் மந்தமாக்கலாம். முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு விஷயமே இல்ல. கர்ப்பத்துல சர்க்கரை வந்தவங்களுக்குக் குச்சி இல்லாமலேகூடப் பின்னாடி வரும். குச்சிதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்.”

எனக்கு மூச்சு வந்தது.

“ஆனா அன்னைக்கே ரத்தம் எடுத்து, நடுவுல ஒரு தடவை பாத்திருந்தா வேன் வரைக்கும் வந்திருக்காது, சிஸ்டர்.”

நடந்ததை எழுதித் தரச் சொன்னார். கொடுத்தேன். அண்ணியிடம் யார் சொல்வது என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 12

சொன்னேன். அண்ணி பிள்ளைகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. எல்லாம் மடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா லீவு போட்டிருப்பேனே. எனக்கு முடியாதுன்னு நீயா முடிவு பண்ணிட்டியா?”

மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

“வண்டி ஓரங்கட்டினப்போ பின்னாடி அந்தப் பதினாலு பிள்ளைங்களும் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்துச்சுங்க.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் வாசல்வரை வந்தான். நான் செருப்பை மாட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 19

குச்சியை எடுத்துவிடலாம், ஹார்மோன் இல்லாத காப்பர்-டிக்கு மாறலாம், இல்லை குச்சியை வைத்துக்கொண்டே சர்க்கரை மாத்திரையோடு கவனமாகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எது வேண்டுமோ உங்கள் விருப்பம் என்றார்.

“குச்சி இருக்கட்டும் டாக்டர். மூணாவது ஒண்ணு வந்தா நான் தாங்க மாட்டேன். குச்சி மேல எனக்குக் கோவம் இல்ல.”

கதவோரம் ஃபைலோடு நின்றேன். ரத்தம் எடுக்க அண்ணி இன்னொரு சிஸ்டரிடம் கையை நீட்டினார்.

ஏப்ரல் 3

இன்று இருபத்தாறு பேர். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்று அத்தனை பேரிடமும் கேட்டேன். மூன்று பேர் ‘ஆமா’ என்றார்கள். “இந்தம்மா என்ன ஊர்க்கதையெல்லாம் கேக்குது” என்று வரிசையில் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும்.

ஏப்ரல் 20

அண்ணி இன்னும் ஃபோன் செய்யவில்லை. நான் செய்தால் பெரியவள்தான் எடுக்கிறாள். “அம்மா குளிக்கிறாங்க அத்தை.” எப்போது கூப்பிட்டாலும் குளியல்.

மே 9, வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து வேன் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அண்ணன்தான் சொன்னான்.

காலையில் கைகழுவிக்கொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து மெசேஜ். ‘108. வெறும் வயித்துல.’ அவ்வளவுதான். ஈரக் கையோடு நின்று எத்தனை முறை படித்தேனோ. என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், ‘நேத்து எவ்வளவு அண்ணி?’ என்று கேட்டேன்.

‘எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். சாயங்காலம் வந்து பாரு.’