இரண்டு வீட்டுக்கும் சொன்ன ஓம்

இன்று சூரை மீன் வெட்டினேன். நாற்றம் போகத் தேசிக்காய்ப் பாதியைக் கையில் தேய்த்ததும் உங்கள் நினைவு வந்து, அடுப்படியிலேயே குந்திவிட்டேன்.

கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்த புதிதில், நான் கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தது போதாதென்று எனக்கும் தொடங்குவீர்கள்.

"மீன் நாத்தம் ஒரு காரம். தேசிப்புளி ஐதரசன் அயனக் குடுக்கும், நாத்தம் அத வாங்கி அடங்கிரும். இந்தச் சதை இரிக்கே, இது அமினோ அமிலத்தால கட்டினது புள்ள. அதுக்கு ரெண்டு முனை. ஒண்டு அயனக் குடுக்கும், மத்தது வாங்கும். காரம் வந்தா அமிலமா நிக்கும், அமிலம் வந்தா காரமா நிக்கும்."

"அப்ப அது ஒங்களப் போல. ஒங்கட உம்மா கேட்டாலும் ஓம், நான் கேட்டாலும் ஓம்" என்றேன். சிரித்தீர்கள். உங்களுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்தச் சனிக்கிழமை, உங்கள் தம்பியின் தோணிக்கு ஆள் இல்லையென்று மாமி சொல்லியனுப்பினார். கடல் சரியில்லையென்று நான் மறித்தேன்.

"ஒங்கட உம்மாவா, நானா? இண்டைக்கு ஒண்டச் சொல்லுங்க!"

"ரெண்டு பேரும்தான் புள்ள. பின்னேரம் வந்துருவன்." சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

தோணி திரும்பவில்லை. மூன்றாம் நாள் தம்பியின் உடல், மையித்தாக, பெரியநீலாவணைக் கரையில் ஒதுங்கியது. உங்களை இன்னும் கடல் தரவில்லை.

இன்று மீன் சட்டி அடுப்பில் இருக்கும்போதே என் உம்மா வெள்ளைச் சேலையோடு வந்தார். "நாப்பது நாள் போயிட்டு மகள். பள்ளிப் பெரியாக்களும் மௌத்து எண்டுதான் சொல்றாங்க. புருசன் மௌத்தான பொம்புள போல வெள்ள உடுத்து இத்தா இரிங்க." பின்னாலேயே வந்த மாமி சேலையைப் பறித்து எறிந்தார். "நீ இத எடுத்து உடுத்தா எண்ட மத்தப் புள்ளையும் மௌத்துத்தான். அவன் வருவான், சொல்லு!"

எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. இருவரும் அழுதார்கள், இருவரும் என் வாயையே பார்த்தார்கள். நான் உம்மாவிடம் "ஓம், இரிக்கன்" என்றேன். மாமியின் கையைப் பிடித்து "ஓம் மாமி, வருவாங்க" என்றேன். அல்லாஹ் அறிய, இரண்டும் பொய்யில்லை. ஒன்றைச் சொல்லுங்கள் என்று உங்களிடம் கத்தியதும் இந்த வாய்தான். எப்படித் தாங்கினீர்கள் இதை? ஒரு தரம் வந்து சொல்லிவிட்டுப் போங்களேன்.

வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் உங்களுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.