பட்டன் வேலை செய்யாத இடம்

மார்ச் 4
நான் வேலை பார்க்கும் செல்போன் ரிப்பேர் கடையில் கூட்டமில்லை. சும்மா இருந்த நேரத்தில் எங்கள் பழைய வீடியோ கேம் பெட்டிக்கு உயிர் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல். வாள்வீரனும் விளக்கேந்திய தோழியும் போகும் அதே ஆட்டம். அக்காவும் அதே கஞ்சப் பிசினாறி. தோழி அடிபட்டுத் தள்ளாடினாலும் பையிலிருக்கும் மருந்தைத் தொட விடமாட்டாள். "பின்னாடி பெரிய சண்டைக்கு வேணும்டா."

மார்ச் 9
நேற்று குக்கர் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். இன்று ஸ்கூட்டர் சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள். திட்டு ஒன்றுகூட இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆட்டத்தில் ஓர் அறை நிறைய மருந்து சும்மா கிடந்தால், அடுத்த கதவுக்குப் பின்னால் பூதம் நிற்கிறது என்று அர்த்தம்.
"என்னக்கா விஷயம்?"
"ஒண்ணுமில்ல. ஆட்டத்தைப் பாரு."

மார்ச் 10
அக்காவுக்கு வயிற்றில் கட்டி. மழைக்காலத்திலேயே தெரியுமாம். "பின்னாடி பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." கத்திவிட்டேன். என்கிட்டகூடவா சொல்லக்கூடாது? நான் யாரு அவளுக்கு?

மார்ச் 15
நாளை ஆபரேஷன். மாலையில் ஆடினோம். கோட்டைக் கதவு வரை வந்துவிட்டோம். அதற்கப்புறம் என்ன என்று இருவருக்கும் தெரியும். கதைக்காட்சி தானாக ஓடும். சண்டையில் எத்தனையோ வெட்டு வாங்கி நின்ற தோழி ஒரே அம்பில் சாய்வாள். பை நிறைய மருந்து இருக்கும், கொடுக்க முடியாது. காட்சி ஓடும்போது எந்தப் பட்டனும் வேலை செய்யாது. சின்ன வயதில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அமுக்கியிருக்கிறேன்.
அக்கா கதவைத் திறக்கவில்லை. அங்கேயே ஆட்டத்தைச் சேமித்துவிட்டுப் பெட்டியை அணைத்தாள்.

மார்ச் 16
டாக்டர் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வரக்கூடாதே! "திறந்து பாத்தோம். ரொம்பப் பரவியிருக்கு. அப்படியே மூடிட்டோம்." அவர் பேசி முடிக்கும்வரை சட்டைப்பைக்குள் என் கட்டைவிரல் எதையோ அமுக்கிக்கொண்டே இருந்தது.

மார்ச் 23
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இனிமே அவங்க இஷ்டப்பட்டதைச் சாப்பிடட்டும்" என்றார் டாக்டர், ரொம்ப அன்பாக. பயமா இருக்கு.

ஏப்ரல் 2
அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு ஆடினாள். கோட்டைப் பக்கம் போகாமல் புல்வெளியிலேயே சுற்றினாள். தோழியை ஒரு வண்டு லேசாகக் கடித்தது. உடனே பையைத் திறந்து மருந்து கொடுத்தாள். அடுத்த கடிக்கு இன்னொன்று.
"என்னக்கா, இப்படி வாரி இறைக்கிற? கதவு?"
"அது எங்கயும் ஓடிப்போகாது" என்றவள், விலை உயர்ந்த மருந்தாகத் தேடி இன்னொன்றைக் கொடுத்தாள்.