படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, பேத்திக்குப் பல் விழுந்த இடத்தில் புதுசு முளைத்ததா? இந்த மூன்று கேள்வியை எழுத ஒரு காலைப்பொழுது ஆனது, அதனால் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போடு. எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார், நான் கொடுக்கவில்லை, தப்பு இருந்தாலும் என் தப்பாகவே வந்து சேரட்டும். அம்மா நன்றாக இருக்கிறாள். பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாற்பது வருஷம் வண்டியின் நிறத்தையும் டிரைவர் மூஞ்சியையும் பார்த்தே ஊர்ப்பேரைக் கூவினேன், இப்போது போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வண்டி போய்விடுகிறது. படிச்சுக் கெட்டுப்போயிட்டீங்க பெரியவரே என்கிறார் டீக்கடைக்காரர்.

விஷயம் என்னவென்றால் என் கழுத்தில் ஒரு கட்டி, தைராய்டில். சட்டைப் பொத்தான் அளவுதான், வலி இல்லை. ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள், புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று வந்தது. ஆபரேஷன் செய்து பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் ஊசியில் எடுத்ததில் மிச்சம் இருக்கிறது, அதை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம், சாதகமாக வந்தால் கத்தி வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார் டாக்டரம்மா. மரபணுவில் நாலே எழுத்துதானாம், நான் இருநூற்று நாற்பத்தேழு படித்தவன் என்றேன், சிரித்துவிட்டார். சோதனையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் தாளோடு வந்து மை டப்பாவைத் திறந்தார். எனக்கு வந்ததே ரோஷம், பேனா கொடும்மா என்று வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு என்றாள். கைநாட்டு வைத்த காலத்தில் யாரையாவது பிடித்து முழுசும் வாசிக்கச் சொல்லாமல் நான் விரலை வைத்ததே இல்லை. எழுதத் தெரிந்த பிறகு அந்த நினைப்பே வரவில்லை. வீட்டில் நகலை விரித்து இரண்டு நாள் எழுத்துக்கூட்டிப் படித்தால், அது ஆபரேஷனுக்குச் சம்மதம். தாள் மாறியிருக்கிறது. குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்றும் ஒரு வரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படிச்சுப் பார்த்துதானே தாத்தா போடணும் என்று நர்ஸ் என்னையே திட்டினார். டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டுச் சோதனைக்கு எழுதினார்.

மூன்று வாரம் கழித்து நேற்று முடிவு வந்தது, டாக்டரம்மா தமிழில் எழுதித் தந்ததை நானே படித்தேன். சந்தேகத்துக்கு உரியது என்று இருந்தது. அந்த வரி முடியும்வரை, திக்காமல் படிக்கிறேன் என்ற சந்தோஷம்தான். முடித்த பிறகே என்ன படித்தேன் என்பது உறைத்தது. புற்று என்று அர்த்தம் இல்லை, ஆனால் எடுத்துப் பார்ப்பதே நல்லது என்கிறார் டாக்டரம்மா. முதல்ல போட்ட கையெழுத்தையே விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் என்கிறாள் அம்மா. முடிந்திருக்கும்தான், ஆனால் எதற்காகப் படுக்கிறேன் என்பது தெரியாமல் படுத்திருப்பேன். பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளெல்லாம் மரத்துக் கிடக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இன்று புதுத் தாளை ஒரு மணி நேரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், யாரும் அவசரப்படுத்தவில்லை. குரல் பற்றிய வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அது ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டரம்மா. சரி என்றேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். லீவு போட்டு ஓடிவராதே, அம்மா பார்த்துக்கொள்வாள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு நாள் போனில் கூப்பிடு, மறக்காதே. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் எழுதியாயிற்று. நான் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன், நீ கேட்டுக்கொண்டிரு, பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

உன் அப்பா