அழுதால் எரியும் விளக்கு

அன்புச் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், நீ விட்டுப்போன கணினிதான் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் சூடேறிக் கிடக்கிறது. நீ சுகந்தானே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் ம் ம் என்று தப்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் அக்காவை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து நம்மோடு இருப்பவள், தன் வீட்டுக்குப் போகவே பயந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போனால் பகலெல்லாம் தனியாக இருக்க வேண்டும், காது மெஷின் போட்டாலும் அடுத்த அறைச் சத்தம் அவளுக்குக் கேட்பதில்லை. புள்ள தொண்டை கிழிய அழுதாலும் எனக்குத் தெரியாதே, நானெல்லாம் ஒரு அம்மாவா என்று ஒரு நாள் கேட்டாள். உன் அப்பா உடனே எழுந்துபோய், நீ சொல்லிக்கொடுத்த அந்த சர்க்யூட் சாப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். குழந்தை அழுதால் அடுப்படியில் ஒரு விளக்கு எரிய வேண்டும், அதுதான் திட்டம். மைக், டிரான்சிஸ்டர், விளக்கு எல்லாம் திரையிலேயே வரைந்து ஓடவிட்டார், விளக்கும் ஜம்மென்று எரிந்தது. பார் பார் என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிறகு பாகங்களை வாங்கிப் பற்றவைத்துத் தொட்டிலருகே மாட்டினார். குழந்தை வீடு அதிர அழுகிறது, விளக்கோ கல்லுளிமங்கன் மாதிரி கிடக்கிறது. மைக் பக்கத்தில் உன் அப்பா ஒரு தும்மல் போட்டார், பளிச்சென்று எரிந்தது! திரையில் அழுகைக்கு என்ன அளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அஞ்சு வோல்ட் என்றார். வீடு வீடாக வயரிங் செய்தவருக்கு ஐந்து வோல்ட் என்பது ஈ எறும்பு மாதிரி. மைக்கிலிருந்து வருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாதாமே. என் பேத்தி கத்துற கத்துக்கு அஞ்சு வோல்ட்டுகூட வராதா என்று அவருக்கு ரோஷம் வேறு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சரி, நிஜ அழுகையை அளப்போம் என்று மீட்டரோடு காத்திருந்தால், நாளெல்லாம் அழுகிறவள் அந்த மீட்டரைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிள்ளை எப்போது அழும் என்று மூன்று பேர் காத்திருந்த வீடு நம் வீடாகத்தான் இருக்கும். கடைசியில் சட்டை மாற்றும்போது ஒரு மூச்சு அழுதாள். அந்த அளவைக் கொடுத்ததும் திரையிலும் விளக்கு அணைந்துபோனது. உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், இப்பதான் உண்மையைச் சொல்லுது என்று. அங்கேயே ஒலியைப் பெருக்கும் பகுதியை இரண்டு அடுக்காகச் சேர்த்து, திரையில் எரிந்த பிறகுதான் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தொட்டார்.

நேற்று நானும் அக்காவும் அடுப்படியில் இருந்தோம். உள்ளே குழந்தை அழுதது, வழக்கம்போல் நான் எழுந்தேன். விளக்கு எரிந்தது. அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, நீ இரும்மா, என்னைத்தான் கூப்பிடுறா என்று சொல்லிக்கொண்டே போனாள். உன் அப்பா வாசற்படியில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விளக்கோடும் பிள்ளையோடும் கிளம்புகிறாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். மறந்துவிடாதே, தும்மினால் எரியாமல் இருக்க ஒரு வழி சொல். மாப்பிள்ளையும் தும்முவார் அல்லவா.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா