பனி முந்திப் போன வருடம்

2007 ஏப்ரல் 9, திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. மிச்சம் என்கிற இந்த ஆங்கிலேய ஊரில் ஏப்ரலுக்கு ஒவ்வாத வெயில். உடுப்புத் தோய்த்துப் போட்டேன், மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. வீட்டில் கோழிக்கறி மிச்சம். சமையல் இல்லை.

பின்னேரம் சுவிஸிலிருந்து மலை விடுதிக்காரியின் போன். பூச்செடிகளைக் கணக்கெடுக்க நாங்கள் மலையில் அடையாளமிட்ட ஆராய்ச்சிக் கட்டங்களில் பனி போய்விட்டதாம். மேலே மட்டும் அங்கங்கே அழுக்குத் துணி மாதிரிக் கிடக்கிறதாம். நம்பாமல் திரும்பவும் கேட்டேன். வருடா வருடம் மே கடைசியில்தான் பனி விலகும். அதை நம்பித்தானே பிள்ளைக்கான சிகிச்சையை இந்த முறை ஏப்ரலுக்கு வைத்தோம். மே நடுவில் முடிவு தெரிந்துவிடும், பிறகு ஆறுதலாக மலைக்குப் போகலாம் என்று.

ஊசி நாளை ஆரம்பம். மருந்துப் பெட்டி பிரிட்ஜில். என் கணவர் ரெஜி அதன்மேல் கறிவேப்பிலைப் பையை வைத்திருந்தார். எடுத்துக் கீழ்த்தட்டில் போட்டேன்.

நேற்றுப் பூசை முடிய, கோயில் வாசலில் மரீனா அக்கா. எங்கள் கோயில் பங்கில் எல்லார் வீட்டுப் புதினமும் அவவிடம் உண்டு. "என்ன பிள்ளை, இன்னும் விசேசம் ஒண்டும் இல்லையோ?" சிரித்தேன். வேறென்ன செய்வது.

ஏப்ரல் 12, வியாழன்

வேலை. பேராசிரியரிடம் பனி போன செய்தியைச் சொன்னேன். "அப்படியென்றால் நீ உடனே புறப்பட வேண்டும்" என்றார்.

மனம் ஒரு நிலைக்கு வர எழுதி வைக்கிறேன். செடி காலண்டர் பார்ப்பதில்லை. அல்பன்ரோஸ் என்று அங்கே சொல்கிற சிவப்புப் பூச்செடி, மொட்டைப் போன கோடையிலேயே கட்டிவிடும். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் அந்த மொட்டு. வெளியில் எவ்வளவு உறைந்தாலும் உள்ளே அவ்வளவு குளிராது. பனி விலகியதும் வெளிச்சம், சூடு. எழும்பிவிடும். பனி முந்திப் போனால் பூவும் முந்தும். ஆனால் மே மாதத்துக் கடுங்குளிர் முந்திப் போவதில்லை. அது இனித்தான் வரும், மூடிக்கொள்ள ஒன்றும் இல்லாத செடிமேல்.

ஐந்து வருடமாக முதல் பூ விரியும்போது நான் அங்கே இருந்திருக்கிறேன்.

பேராசிரியரிடம், வீட்டில் ஒரு காரியம், மே நடுவரை போக முடியாது என்றேன். என்ன காரியம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. கிளேரை அனுப்புகிறார். புது மாணவி. கெட்டிக்காரி, நல்ல பிள்ளை. அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை இன்று.

ஏப்ரல் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வயிறு ஊதி, ஊசி போட்ட இடம் நீலம்.

ரெஜியோடு சண்டை. அவர் ட்ராம் ஓட்டி முடித்துப் பசியோடு வந்திருந்தார். நான் கிளேருக்குப் போனில் கட்டங்களின் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு குழைந்துபோயிற்று.

"ஒரு வருசம் நீர் பூப் பாக்காட்டி என்ன குறைஞ்சு போகுது?"

"அது பூப் பாக்கிறதில்லை. என்ர வேலை."

"அப்ப போம். நான் மறிக்கேல்லையே."

"போகட்டோ? உண்மையாத்தான் சொல்லுறீங்களோ? டொக்டர் இதுதான் கடைசி எண்டவர்."

ரெஜி குழைந்த சோற்றைக் குனிந்தபடி சாப்பிட்டார். பிறகு கோப்பை கழுவும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, ஜெசி."

ஏப்ரல் 23, திங்கள்

நேற்றுக் கருமுட்டை எடுத்தார்கள். வலி. நான் மயக்கம் தெளிந்தபோது ரெஜி கதிரையில் நித்திரை. கையில் என் செருப்பு.

கிளேர் போன். முதல் சொல்டனெல்லா விரிந்துவிட்டதாம். ஊதாக் குஞ்சம் வைத்த சின்ன மணி போன்ற பூ, உருகும் பனியின் விளிம்பிலேயே வரும். சத்தம் போட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து, மிச்சக் கட்டங்களை மாலையிலும் பார்க்கச் சொன்னேன். போனை வைத்த பிறகு அழுகை. இன்னொருத்தி பார்த்துவிட்டாள் என்பதற்கு இப்படி ஒரு அழுகையா?

ஏப்ரல் 25, புதன்

உருவான இரண்டு கருவையும் வைத்துவிட்டார்கள். திரையில் காட்டினார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளைப் புள்ளி. நர்ஸ், "சாதாரணமாக இருங்கள்" என்றாள். எது சாதாரணம்?

வரும் வழியில் ரெஜி பஸ் குலுங்கும் ஒவ்வொரு தரமும் என் தோளைப் பிடித்தார்.

வாங்க: பால், பப்படம், தலையணை உறை.

மே 3, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. லீவில் வீட்டில். பகல் டீவி. ஏலம், வீடு விற்பது, திரும்ப ஏலம்.

அல்பன்ரோஸ் மொட்டுகள் பருத்துச் சிவந்துவிட்டன என்று கிளேர். இந்தத் தேதியில் நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே வானம் எப்படி என்று கேட்டேன். தெளிவாக, முகிலே இல்லாமல் இருக்கிறதாம். அவளுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம். முகில் இல்லாத இரவில்தான் சூடு எல்லாம் மேலே போய் நிலம் உறையும்.

மே 6, ஞாயிறு

உறைந்துவிட்டது.

காலையில் கிளேரின் குரலே சரியில்லை. மொட்டுகள் கறுத்து, தொட்டால் கையோடு வருகிறதாம். மேல்கட்டங்களில் பனி கொஞ்சம் மிஞ்சியிருந்த இடங்களில் மட்டும் தப்பியிருக்கிறதாம். "நான் ஏதாவது செய்திருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். இல்லை, நாங்கள் பார்க்க மட்டும்தான் போகிறோம், போர்த்த அல்ல என்றேன். அவள் அழுதாள். அவளைப் பிடிக்காமல் இருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

செடி சாகாது. அடுத்த கோடைக்கு இலை விடும். இந்த வருடத்துப் பூ இல்லை, விதை இல்லை, அவ்வளவுதான்.

இதையும் அதையும் சேர்த்து யோசிக்கக் கூடாது. அது செடி. நான் ஆள்.

மே 9, புதன்

இரத்தம். விடிய, குளியலறையில். ரெஜி ஷிப்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண, பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். போனேன். இல்லை என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

ரெஜியிடம் எப்படிச் சொல்வது? ட்ராம் ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது. தரிப்பிடத்தில் போய் நின்றேன். மழை. அவர் ஓட்டும் ட்ராம் வந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கதவு மூடியது. அவர் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், போனார்.

மே 13, ஞாயிறு

பூசை. வாசலில் மரீனா அக்கா திரும்பவும் அதே கேள்வி. நான் வாய் திறக்க முன் ரெஜி:

"இல்லை அக்கா. இனியும் இல்லை. ஜெசியிட்டக் கேக்காதேங்கோ."

குரல் உயரவில்லை. மரீனா அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்து, "தெரியாமல் கேட்டிட்டன் அம்மா" என்றா. பாவம். அவவின் கை சில்லென்று இருந்தது.

மே 15, செவ்வாய்

பேராசிரியர் போன். கிளேருக்குப் பரீட்சை வருகிறது, திரும்ப வேண்டும். கருகினதை யாராவது கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். "பூ இல்லை என்றால் சைபர் எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்."

நான் போகிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கும்.

ரெஜி கேட்டார், "செத்த மொட்டை எண்ணவோ? இப்பவோ?"

"ஓம்."

அவர் முன்னால் தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு, "தனியப் போகாதேயும். லீவு கேட்டுப் பாக்கிறன்."

மலைக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

மே 19, சனி

தூறல். லீவு கிடைத்தது. குரொய்டன் கடையில் அவருக்கு மலையேறச் சப்பாத்து. காலை வேலை முடிந்து நேரே வந்தார், யூனிபோர்மோடு. மூன்று சோடி போட்டுப் பார்த்து, முதலாவதையே எடுத்தார். கடைக்காரிக்கு முன்னால் நிலத்தை உதைத்து உதைத்துப் பார்த்தார், பெரிய மனிதர்.

பஸ்ஸில் சப்பாத்துப் பெட்டி மடியில். நித்திரையாகிவிட்டார். தலை என் தோளில் வந்து சாய்ந்தது. எங்கள் தரிப்பிடம் வந்தது. எழுப்பவில்லை.

அடுத்ததில் இறங்கி, நனைந்து நடந்து வந்தோம்.