அத்தைக்கு ஏற்றிய மெழுகுவத்தி

நவம்பர் 3, இரவு

நேற்று கல்லறைத் திருநாள். வழக்கம்போல அத்தை கல்லறைக்குச் சுண்ணாம்படித்து மெழுகுவத்தி ஏற்றினோம். அத்தை நைனாவின் அக்கா. நான் பிறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். சிலுவையில் பெயர்கூட இல்லை. பெயர் வெட்ட உத்திரமேரூரில் ஆள் பார்த்துவிட்டு, இறந்த தேதிக்காக இன்று கோயிலுக்குப் போனேன்.

உபதேசியார் பழைய அடக்கப் பதிவேட்டைப் பிரித்தார். அத்தை பெயருக்கு நேரே, "தற்கொலை. ஜெபம் சொல்லி மந்திரிக்காமல், கல்லறைத் தோட்டத்துக் கீழண்டை மதிலுக்கு வெளியே அடக்கம்" என்று இருந்தது. அவர் பதிவேட்டை மூடி வைத்தார்.

நேராக நைனா வீட்டுக்குப் போனேன். "அப்போ நாம மெழுகுவத்தி ஏத்துறது யார் கல்லறைல?"

"யாருதோ. கேக்க ஆளில்லாம கெடந்துச்சு. மதிலுக்கு வெளில கொளுத்துனா ஊரு இன்னா பேசும்? உன்ன எவன் கட்டுவான்?"

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அதற்கப்புறமும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கீழண்டை மதிலுக்கு வெளியே இப்போது சிமெண்ட் தரை. கோயிலுக்கு வருகிறவர்கள் வண்டி விடுகிற இடம். இன்றைக்கு என் ஸ்கூட்டியை அங்கேதான் விட்டிருந்தேன். நேற்றும்.